தனி விமானம் சரி, தடுப்பூசித் தேதி எங்கே?

இந்த முறை வந்த கடிதம் நான்கு பக்கம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

எழுதியவர் நாற்பதுகளில் இருக்கும் ஒரு வாசகி. கணவருக்குப் பிரிட்டனில் பெரிய பதவி கிடைத்திருக்கிறது. இன்னும் ஏழு வாரத்தில் குடும்பமே குடிபெயர்கிறது. புதிய நிறுவனம் ஒரு தனி விமானத்தைச் சார்ட்டர் (முழு விமானமும் வாடகைக்கு) எடுத்துத் தருகிறது. அதே விமானத்தில் கணவரின் சக அலுவலர் ஒருவரும் தன் குடும்பத்தோடு வருகிறார். அவருடைய மகனுக்கு ஆஸ்துமா. வாசகியின் வீட்டில் இரண்டு செல்லங்கள்: ஆறு வயது பக் நாய் (மூக்கு குட்டையான இனம்), எடை பதினொன்றரைக் கிலோ, தூங்கும்போது பக்கத்து அறைவரை குறட்டை கேட்கும், பதிமூன்று வயதுப் பூனை, சிறுநீரகக் கோளாறு இரண்டாம் கட்டத்தில் இருப்பதாக அவர்களுடைய மருத்துவர் சொல்லியிருக்கிறார். நாய்க்கு வருடா வருடம் ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறது, கடைசி ஊசி எட்டு மாதத்துக்கு முன்பு. பயணத்துக்காகப் போன மாதம்தான் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) வைத்தார்கள். பூனைக்குக் குட்டியிலேயே சிப் வைத்தாகிவிட்டது, ஆனால் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைதானே என்று இரண்டு வருடமாக ஊசி போடவில்லை.

அவர் கேட்பவை நான்கு. தனி விமானத்தில் நாய் நம்மோடு கேபினில்தான் இருக்கும், அப்படியானால் பக் நாய்க்கு ஆபத்து இல்லைதானே? பழைய கார்ப் பயணம் ஒன்றுக்காக வாங்கிய மயக்க மாத்திரை மீதி இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா? தனியார் முனையத்தில் வரிசையே கிடையாது, எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சார்ட்டர் புரோக்கர் சொல்கிறார், அதை நம்பலாமா? கடைசியாக, அவருடைய தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி: "பூனைக்கு வயதாகிவிட்டது, யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். நான் சுயநலமாக அதை இழுத்துக்கொண்டு போகிறேனா?" பிரிட்டனில் சிக்கல் என்றால் பாரிஸில் இறங்கிக் காரில் போய்விடலாமா என்று ஓரத்தில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார்.

அம்மா, உங்கள் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். நீங்கள் மூன்றாவதாகக் கேட்டதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்யப்போகிறது. நீங்கள் எதிர்பார்க்கும் பதில் அதற்கு என்னிடம் இல்லை. உங்கள் இரண்டு செல்லங்களும், தனிமைப்படுத்தும் இடத்தில் விடாமல், ஏழு வாரத்தில் சட்டப்படி பிரிட்டனுக்குள் போக முடியாது. விமானம் யாருடையதாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

ஏழு வாரம் ஏன் போதாது

நீங்கள் இருக்கும் நாடு, ரேபிஸ் விஷயத்தில் பிரிட்டன் வைத்திருக்கும் பட்டியலில் இல்லாத நாடு. அப்படிப்பட்ட நாட்டிலிருந்து வரும் நாய்க்கும் பூனைக்கும் வரிசை இதுதான்: முதலில் மைக்ரோசிப், அதன்பிறகு ரேபிஸ் தடுப்பூசி, ஊசி போட்டு 30 நாளாவது ஆனபின் இரத்த மாதிரி. ஒப்புதல் பெற்ற ஆய்வகம் அதைச் சோதித்து, எதிர்ப்புப் பொருள் ஒரு மில்லி லிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருந்த பிறகுதான் பயணம்.

இதில் பலரும் சறுக்குவது சிப்பில்தான். சிப் வைப்பதற்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. ஊசி போட்டுக்கொண்டது இந்த நாய்தான் என்று நிரூபிக்க வழியில்லை என்பது பிரிட்டன் தரப்பு வாதம், அதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே உங்கள் பக்குக்கு வருடா வருடம் தவறாமல் போட்ட ஊசி அதன் உடம்புக்குப் பயன்பட்டது, காகிதத்துக்குப் பயன்படாது. பூனைக்குச் சிப் இருக்கிறது, ஊசிதான் காலாவதியாகிவிட்டது. இரண்டுமே புதிதாகத் தொடங்க வேண்டும். நாளைக்கே ஊசி போட்டாலும் ஒரு மாதம் கூட்டல் மூன்று மாதம், நான்கு மாதம் ஆகிவிடும். சில விலங்குகளுக்கு ஒரே ஊசியில் 0.5 வராமல் போவதும் உண்டு. அப்போது மறுபடி ஊசி, மறுபடி சோதனை. அதனால் ஐந்து மாதம் என்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிப் சர்வதேசத் தரத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. தரத்துச் சிப்பில் 15 இலக்க எண் இருக்கும். பூனையின் சிப் பதிமூன்று வருடப் பழையது. ஊசி போடும் அன்று மருத்துவரிடம் ஸ்கேனரை வைத்துப் படிக்கச் சொல்லி, அந்த எண்ணைச் சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். ஒரு இலக்கம் மாறியிருந்ததால் விமான நிலையத்தில் நாள் முழுக்க உட்கார்ந்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

பாரிஸ் யோசனையும் உதவாது. வணிக விமானத்தில் கேபினிலேயே ஐரோப்பாவுக்கு வந்து, அங்கிருந்து காரோடு கடலடிச் சுரங்க ரயிலில் ஏறிப் பிரிட்டன் போவது பலர் பயன்படுத்தும் வழிதான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையவும் இதே சிப், இதே ஊசி, இதே இரத்தச் சோதனை, இதே மூன்று மாதம். வாசல் வேறு, பூட்டு ஒன்று.

புரோக்கர் சொன்னது பற்றி

தனியார் முனையத்தில் வரிசை இல்லை என்பது உண்மை. சோதனை இல்லை என்பது உண்மையில்லை. பிரிட்டனுக்குள் செல்லப்பிராணிகள் ஒப்புதல் பெற்ற வழித்தடங்கள் வழியாகத்தான் வரலாம், தனி விமானத்துக்கும் அதே விதிதான். செல்லங்களோடு வரும் தனி விமானங்களை ஏற்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே சிப்பையும் தாள்களையும் சரிபார்க்க ஆள் வருவார், அதற்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். தாள்களில் குறை இருந்தால் விலங்கைத் திருப்பி அனுப்பலாம், அல்லது நான்கு மாதம்வரை தனிமைப்படுத்தலாம். செலவு உங்கள் தலையில்.

2015-இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். நடிகர் ஜானி டெப்பும் ஆம்பர் ஹெர்டும் பிஸ்டல், பூ என்ற இரண்டு யார்க்‌ஷயர் டெரியர் நாய்களைத் தனி விமானத்தில் அறிவிக்காமல் கொண்டுபோய்விட்டார்கள். நாய்களுக்கு முடி வெட்டிய கடை முகநூலில் படம் போட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நாய்களை நாட்டைவிட்டு அனுப்புங்கள், இல்லையென்றால் கருணைக்கொலைதான் என்று வேளாண் அமைச்சராக இருந்த பார்னபி ஜாய்ஸ் கெடு வைத்தார். நாய்கள் அவசரமாகத் திருப்பி அனுப்பப்பட்டன. அடுத்த வருடம் ஏப்ரலில், நுழைவுப் படிவத்தில் பொய்த் தகவல் தந்ததை ஹெர்ட் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். நன்னடத்தைப் பிணையோடு விட்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம். படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் யாரோ அவர்தான் குற்றவாளிக் கூண்டில் ஏறினார், ஏற்பாடு செய்து கொடுத்தவர்கள் ஏறவில்லை. உங்கள் படிவத்திலும் உங்கள் கையெழுத்துத்தான் இருக்கும்.

இன்னொன்று. புரோக்கர் வேறு, விமானத்தை இயக்கும் நிறுவனம் வேறு. சார்ட்டருக்கு வரும் பல விமானங்கள் தனிநபர்களுக்குச் சொந்தமானவை. அவர்கள் பறக்காத நாளில் வாடகைக்கு விடுகிறார்கள். நாய், பூனை கூடாது என்று சொல்லும் முதலாளிகள் உண்டு. கடைசி நேரத்தில் இயந்திரக் கோளாறு என்று மாற்று விமானம் வந்தால், அதன் முதலாளி அப்படிப்பட்டவராக இருக்கலாம். ஒப்பந்தத்தில் மூன்றை எழுத்தில் கேளுங்கள். இரண்டு விலங்குகளின் இனமும் எடையும் குறிப்பிட்டு இயக்கும் நிறுவனத்தின் சம்மதம். மாற்று விமானத்துக்கும் அந்தச் சம்மதம் செல்லும் என்ற வரி. சுத்தம் செய்யும் கட்டணமும் சேதக் கட்டணமும் எவ்வளவு, யார் தருவது என்பது. கூடவே ஒரு கேள்வி: வானிலை மோசமாகி வேறு விமான நிலையத்தில் இறங்க நேர்ந்தால், அந்த இடம் செல்லப்பிராணிகளை ஏற்கும் இடமா? எரிபொருள் நிரப்ப நடுவில் இறங்கும் நாட்டின் விதி என்ன? இதற்குத் தயங்காமல் பதில் சொல்லும் புரோக்கர் இந்த வேலையை முன்பு செய்தவர். "அதெல்லாம் வராது மேடம்" என்பவர் செய்யாதவர்.

பக் நாய்க்குக் கேபின் போதுமா

நீங்கள் பயப்படுவதில் தவறில்லை. 2010-இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை ஐந்து வருடக் கணக்கை வெளியிட்டது. விமானப் பயணத்தில் இறந்ததாகப் பதிவான 122 நாய்களில் ஏறக்குறையப் பாதி குட்டை மூக்கு இனங்கள். அதனால்தான் பல விமான நிறுவனங்கள் இந்த இனங்களைச் சரக்கு அறையில் ஏற்ற மறுக்கின்றன. கேபின் அதைவிட நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால் கேபினில் இருந்தால் ஆபத்தே இல்லை என்பது சரியல்ல.

பறக்கும் விமானத்தின் கேபின் கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில் இருப்பதில்லை. அதிகபட்சம் 8,000 அடி உயர மலையில் நிற்பதற்குச் சமமான அழுத்தம்வரை விதிகள் அனுமதிக்கின்றன. நல்ல நுரையீரல் உள்ள மனிதருக்கே இரத்தத்தில் ஆக்சிஜன் சற்று இறங்கும். உங்கள் நாய்க்கு நாசித் துவாரம் கீறல் மாதிரி இருக்கும், அண்ணத்தின் பின்சதை நீண்டு மூச்சுக்குழல் வாயிலில் தொங்கும். குறட்டை என்று நீங்கள் செல்லமாகச் சொல்வது அந்தச் சதை அதிரும் சத்தம். அதன்மேல் பதினொன்றரைக் கிலோ எடை. பக் இனத்துக்கு ஆறு முதல் எட்டுக் கிலோதான் அளவு. அண்ணத்திலும் தொண்டையிலும்கூடக் கொழுப்பு படியும்.

எனவே விமானத்தை இயக்குபவரிடம், இந்தப் பயணத்தில் கேபினுக்குள் எத்தனை அடி உயரத்துக்கு இணையான அழுத்தம் இருக்கும் என்று கேளுங்கள். புதிய பெரிய ஜெட்கள் சிலவற்றில் இது 4,000 அடி அளவிலோ அதற்கும் கீழேயோ இருக்கும், சிறிய பழைய ஜெட்களில் 8,000-ஐ ஒட்டிப் போகும். சற்றுத் தாழ்வாகப் பறந்தால் குறையும், ஆனால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், நடுவில் ஓர் இடத்தில் இறங்க வேண்டியும் வரலாம். தனி விமானத்தில் கேட்டுப் பெறக்கூடிய உண்மையான வசதி இதுதான், தோல் சோபா இல்லை. வணிக விமானத்தில் இதை யாரிடம் கேட்க முடியும்?

அடுத்தது வெப்பம். நாய்க்கு மூச்சிரைப்புதான் ஏர்கண்டிஷன். குட்டை மூக்கு நாய்க்கு அந்த இயந்திரம் பாதிதான் வேலை செய்யும். ஆபத்தான நேரம் வானில் இல்லை, தரையில். வெயிலில் நின்ற விமானத்தின் கேபின் அடுப்பாக இருக்கும். நாயை ஏற்றுவதற்கு முன்பே கேபினைக் குளிர்விக்கச் சொல்லுங்கள், அதிகாலையிலோ இரவிலோ புறப்படும்படி கேளுங்கள். நேரத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பதும் தனி விமானத்தால் கிடைக்கும் வசதிதான்.

எல்லாவற்றுக்கும் முன்பு, நாய் பறக்கத் தகுதியானதா என்று சோதிக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் பிரிட்டனின் கென்னல் கிளப்பும் சேர்ந்து 2019-இல் ஒரு மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தன. மருத்துவர் முதலில் ஸ்டெதஸ்கோப் வைத்து மூச்சைக் கேட்பார், நாயை மூன்று நிமிடம் துள்ளு நடையில் ஓட விடுவார், மறுபடி கேட்பார். 0 முதல் 3 வரை தரம். 0, 1 என்றால் எனக்குக் கவலை குறைவு. 2 என்றால் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். 3 என்றால் விமானத்தை மறந்துவிட்டு முதலில் அறுவைசிகிச்சை நிபுணரைப் பார்க்கச் சொல்வேன். நாசியை விரித்து, அண்ணச் சதையைக் குறைக்கும் அறுவைசிகிச்சை பல நாய்களுக்கு வாழ்க்கையையே மாற்றுகிறது, ஆனால் ஆறுவதற்கு வாரங்கள் வேண்டும்.

இப்போது அந்த ஐந்து மாதத்தைத் திரும்பிப் பாருங்கள். ரத்தச் சோதனைக்காகச் சும்மா காத்திருக்கும் காலம் என்று நினைத்தது, நாய்க்கு மூன்று கிலோ குறைக்கவும், தேவைப்பட்டால் அறுவைசிகிச்சை முடிந்து தேறவும் கிடைத்த காலம். ஏழாவது வாரத்தில் இதே நாயை இதே எடையில் ஏற்றச் சொன்னால், தாள் சரியாக இருந்தாலும் நான் தயங்கியிருப்பேன்.

அந்த மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்

நீங்கள் எழுதிய பெயரைப் பார்த்தால் அது அசிப்ரோமசின். கொடுக்கவே வேண்டாம். அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும் திறனைக் கெடுக்கும், தொண்டைத் தசைகளைத் தளர்த்தும். குட்டை மூக்கு நாய்க்கு இந்த மூன்றில் ஒன்றே போதும். இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அது அசைவைக் குறைக்கும் அளவுக்குப் பயத்தைக் குறைப்பதில்லை. நாய் அமைதியாக இருப்பதாக நமக்குத் தோன்றும், உள்ளே அது நடுங்கிக்கொண்டிருக்கலாம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமும் விமானப் பயணத்துக்கு மயக்கமருந்து கொடுப்பதை ஊக்குவிப்பதில்லை. முப்பதாயிரம் அடியில் மூச்சு நின்றால் உதவ விமானத்தில் மருத்துவர் இருக்கப்போவதில்லை.

பதற்றம் அதிகம் என்றால் டிரசோடோன், கபாபென்டின் போன்றவற்றை உங்கள் மருத்துவர் யோசிக்கலாம். இரண்டு நிபந்தனை. பயண நாளில் முதல்முறையாகக் கொடுக்கக் கூடாது, வீட்டில் ஒருமுறை கொடுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். பூனைக்குக் கபாபென்டின் என்றால், அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் அளவைக் குறைக்க வேண்டும். மனிதர்களுக்கான கபாபென்டின் திரவ மருந்தை மட்டும் கடையில் வாங்கி நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். அதில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கலாம், நாய்க்கு அது விஷம்.

மருந்தைவிடக் கூண்டுப் பழக்கம்தான் பெரிய மருந்து. கூண்டை இன்றே கூடத்தில் கதவு திறந்தபடி வைத்து, சாப்பாட்டை அதற்குள் கொடுக்கத் தொடங்குங்கள். ஐந்து மாதத்தில் அது அதன் அறையாகிவிடும். "தனி விமானத்தில் கூண்டு எதற்கு, மடியில் வைத்துக்கொள்ளலாமே" என்று உங்கள் மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். மேலே பறக்கும்போது கேப்டன் சம்மதித்தால் வைத்துக்கொள்ளட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றில் குலுங்கும்போதும் கூண்டுக்குள், அல்லது இருக்கை பெல்ட்டோடு பூட்டிய உடல்பட்டையில். திடீரென்று பிரேக் பிடித்தால் மடியில் இருக்கும் நாயை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

பூனைக்கு இன்னொரு எச்சரிக்கை. தனி விமானத்தின் படிக்கட்டு நேராக ஓடுதளத்துப் பக்கம் திறந்த வெளியில் இறங்கும். அங்கே மூடிய நடைபாதை கிடையாது. பயந்த பூனை கையிலிருந்து துள்ளினால் அதை யாரும் பிடிக்கப்போவதில்லை. விமானக் கதவு மூடும்வரை கூண்டைத் திறக்காதீர்கள். இறங்கும்போது முனையத்துக்குள் அறைக்கதவு மூடியபிறகு திறக்கலாம்.

பூனையை விட்டுவிடுவதா

உங்கள் கணவரை நான் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லமாட்டேன். பதிமூன்று வயதுப் பூனையை நீண்ட பயணத்தில் இழுப்பது கொடுமையோ என்று அவர் நினைக்கிறார், அது அக்கறைதான். ஆனால் வயதை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது, எண்களை வைத்து முடிவு செய்ய வேண்டும். இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு), இரத்த அழுத்தம், தைராய்டு, எடை. சிறுநீரகக் கோளாறு உள்ள பூனைகளுக்கு இரத்த அழுத்தம் ஏறுவது சாதாரணம், யாரும் அளந்து பார்ப்பதில்லை. இந்த எண்கள் இரண்டு மூன்று மாதம் ஒரே நிலையில் நின்றால், அரை நாள் விமானப் பயணத்தைப் பூனை தாங்கும். இறங்குமுகமாக இருந்தால் பயணத்தை மறுபடி யோசிப்போம்.

பயணத்தில் இந்தப் பூனைக்கு எதிரி வறட்சிதான். கேபின் காற்றில் ஈரம் மிகக் குறைவு. முந்தைய நாள் ஈர உணவாகவே கொடுங்கள், அதில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கலக்குங்கள். தேவையென்றால் புறப்படும் அன்று தோலுக்கடியில் திரவம் ஏற்றிவிடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். உணவு வகையை அந்த வாரத்தில் மாற்றாதீர்கள். கூண்டில் உறிஞ்சும் விரிப்பு போடுங்கள். பயணம் முழுக்கச் சிறுநீர் கழிக்காமல் இருந்தாலும் உடனே பதற வேண்டாம், பூனைகள் அப்படித்தான்.

யாரிடமாவது கொடுத்துவிடுவது சுலபமான, வலியில்லாத வழி என்று தோன்றுகிறது. புதிய வீட்டில், தெரியாத முகங்களுக்கு நடுவே வயதான பூனை சாப்பிடாமல் பதுங்கிவிடும். சில நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் அக்கா வீட்டுக்கு இந்தப் பூனை அடிக்கடி போய்வந்திருப்பதாகவும், அவர் வைத்துக்கொள்ளத் தயார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது வேறு கதை. அந்த வீட்டின் மணம் அதற்குத் தெரியும்.

சக அலுவலரின் மகனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூனை ஒவ்வாமையைத் தூண்டும் பொருள் முடியில் பிறப்பதில்லை. எச்சிலிலும் தோல் சுரப்பியிலும் இருந்து வந்து துணியில் ஒட்டி, காற்றில் மிதக்கும். முடியைச் சீவிவிட்டால் சரியாகிவிடும் என்று அந்தப் பெற்றோரிடம் சொல்லாதீர்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையோடு ஒரே சிறிய கேபினில் பல மணி நேரம் பூனை வேண்டாம் என்பது என் கருத்து. காற்று வடிகட்டி எல்லா ஜெட்களிலும் ஒரே தரத்தில் இருப்பதில்லை.

அப்படியானால் என்ன செய்வது

மூன்று வழி தெரிகிறது. எல்லோருமே ஐந்து மாதம் தள்ளிப்போவது, அதற்கு வேலையும் பள்ளியும் விடாது. முன்அனுமதி வாங்கி இப்போதே கொண்டுபோய்த் தனிமைப்படுத்தும் இடத்தில் மாதக்கணக்கில் விடுவது, சட்டத்தில் அதற்கு இடமுண்டு. ஆனால் சிறுநீரகப் பூனையையும் மூச்சுத் திணறும் நாயையும் மாதக்கணக்கில் அந்நியர் கையில் விட நான் சம்மதிக்கமாட்டேன்.

மூன்றாவதைத்தான் சொல்வேன். யோசித்துப் பாருங்கள், தனி விமானம் யாருக்குத் தேவை? உங்கள் நால்வருக்கும் எந்த விமானமும் சரிதான். பக் நாய்க்குத்தான் வேறு வழி குறைவு. சரக்கு அறை கூடாது. வணிக விமானத்தின் கேபினில் கூண்டோடு சேர்த்து எட்டுக் கிலோ அளவில்தான் பெரும்பாலும் ஏற்பார்கள், இளைத்தாலும் அது அதில் அடங்காது. ஆகவே நீங்கள் இப்போது சாதாரண விமானத்தில் போங்கள், செல்லங்கள் இரண்டும் அக்கா வீட்டில் இருக்கட்டும், சார்ட்டரை ஐந்து மாதம் தள்ளிவைக்க முடியுமா என்று கணவர் நிறுவனத்திடம் கேட்கட்டும். அவர்கள் இதைவிட விசித்திரமான கோரிக்கைகளைக் கேட்டிருப்பார்கள். முடியாது என்றால், செல்லங்களோடு பயணிப்பவர்களுக்கு இருக்கை கணக்கில் விற்கும் பகிர்வு ஜெட்கள் இப்போது சில வழித்தடங்களில் ஓடுகின்றன. பார்க் ஏர் என்ற நிறுவனம் 2024 மே மாதம் நியூயார்க்கிலிருந்து இதைத் தொடங்கியது, லண்டனும் அதன் தொடக்க வழித்தடங்களில் ஒன்று. உங்கள் நாட்டிலிருந்து அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அழைத்துவர நீங்களே திரும்பி வாருங்கள். விலங்கின் பயணமும் உரிமையாளரின் பயணமும் ஐந்து நாளுக்குள் இருந்தால்தான் அது சொந்தச் செல்லம் என்ற கணக்கில் வரும், இல்லையென்றால் வணிக இறக்குமதி விதிகள் பாயும். கடைசிப் பத்து நாளில் இரண்டு வேலை. சுகாதாரச் சான்றிதழ் வாங்கிய 10 நாளுக்குள் பிரிட்டன் போய்ச் சேர வேண்டும், அதில் அரசு மருத்துவரின் ஒப்புதல் முத்திரையும் வேண்டும். நாய்க்கு மட்டும், இறங்குவதற்கு 24 மணி நேரம் முதல் 120 மணி நேரத்துக்குள் மருத்துவர் கையால் நாடாப்புழு மருந்து கொடுத்து, தேதியும் நேரமும் பதிவாக வேண்டும். தனி விமானம் தள்ளிப்போனால் இந்தக் கணக்கு உடைந்துவிடலாம், அப்போது மறுபடி மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். பூனைக்கு இது தேவையில்லை.

புறப்படும் முன் அக்காவிடம் இரண்டு விஷயத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போங்கள்: பூனை எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளப்பது, வாரம் ஒருமுறை எடை போடுவது. நாயின் சாப்பாட்டுக்கு ஓர் அளவுக் கிண்ணத்தையும் கொடுத்துவிட்டுப் போங்கள். பாசத்தில் அக்கா கூடுதலாகப் போட்டால், மூன்று கிலோ குறைய வேண்டியது இரண்டு கிலோ ஏறி நிற்கும்.

நாளை காலை ஊசி. முதலில் ஸ்கேனர், அப்புறம் ஊசி. அந்த வரிசையை மருத்துவருக்கும் நினைவூட்டுங்கள்.